நெஞ்சு படபடப்பு, இயல்பான இ.சி.ஜி., மறுபடியும் அதே பயம்: பதற்ற நோய்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்த்த யாரைக் கேட்டாலும் இந்த நோயாளியைப் பற்றிச் சொல்வார்கள். வயது முப்பதுக்குப் பக்கம். நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், உயிர் போகப்போகிறது என்ற பயத்தோடு ஆட்டோவில் வந்து இறங்குவார். இ.சி.ஜி. எடுப்பார்கள், இயல்பாக இருக்கும். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனினை ரத்தத்தில் பார்ப்பார்கள், அதுவும் இயல்பு. "ஒன்னுமில்லப்பா, கேஸ்தான்" என்று ஓர் ஊசி போட்டு, அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். பத்து நாளில் மறுபடியும் வருவார். பிறகு எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி, வேறு டாக்டர், வேறு ஊர். சேமிப்பு கரைந்த பிறகுதான் யாராவது ஒருவர் "மனநல மருத்துவரைப் பாருங்களேன்" என்பார். அதைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வரும். "எனக்கென்ன பைத்தியமா?"

அவருக்கு வந்திருப்பது பதற்ற நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகம் முழுக்க 30 கோடிக்கும் அதிகமானோருக்கு ஏதாவது ஒரு வகைப் பதற்ற நோய் இருந்தது. மனநோய்களிலேயே அதிகம் பேருக்கு வருவதும், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் இதுதான். இருந்தும் பெரும்பாலானோர் சிகிச்சைக்கு வருவதில்லை. பெங்களூருவிலுள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் 10 பேருக்கு 8 பேருக்கு மேல் சிகிச்சை இல்லாமல் இருந்தது தெரியவந்தது.

இந்த வழிகாட்டி அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். இதில் வரும் எல்லாப் படிகளும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. பயம் யாருக்கும் வரும். அந்தப் பயத்துக்காக நாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கத் தொடங்கும்போதுதான் அது நோயாகிறது. விட்டுக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் சிகிச்சையின் மையம்.

படி 1: இப்போதே படபடப்பு வந்துகொண்டிருந்தால்

முதலில் ஆபத்தைப் பார்த்துவிடுவோம். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி இடது கை, தாடை, முதுகு என்று பரவினால், உடல் உழைப்பின்போது வந்து ஓய்வெடுத்தால் குறைந்தால், மயங்கி விழுந்தால், ஒரு பக்கக் கை கால் பலவீனமானால், பேச்சு குழறினால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பி.பி., புகைப் பழக்கம் உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருக்கும் குடும்பத்தினர் ஆகியோர் முதல் தடவை வரும் நெஞ்சுப் படபடப்பை எந்தக் காரணத்துக்காகவும் "பதற்றம்தான்" என்று தாங்களே முடிவு செய்யக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் அசதியாகவும் மாரடைப்பு வருவதுண்டு. முதல் தடவை மருத்துவமனைக்குப் போவது எப்போதுமே சரியான முடிவு.

ஏற்கனவே பரிசோதித்து, இதயத்தில் கோளாறு இல்லை, இது பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று பொங்கி எழும் பயம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் செய்ய வேண்டியது வேறு. இருக்கும் இடத்தை விட்டு ஓடாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரம் கட்டுங்கள். மற்றபடி உட்கார்ந்த இடத்தில் உட்காருங்கள், நின்ற இடத்தில் நில்லுங்கள். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுங்கள். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே என்று வைத்துக்கொள்ளலாம். "பெருசா மூச்சை இழு" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். ஏற்கனவே மூச்சு கூடுதலாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடும் பழைய யோசனையும் வேண்டாம். உண்மையில் இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்துவிட்டால் அது ஆபத்து.

பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடம் மிக நீளமாகத் தெரியும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த பேனிக் அட்டாக்கும் இறங்காமல் போனதில்லை.

படி 2: உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விளக்கம் தெரிந்தாலே பலருக்குப் பாதி பயம் போய்விடும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரீனலின் சுரக்கும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார் செய்யும் ஏற்பாடு அது. தொடைக்கும் கைக்கும் ரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் வயிற்றிலிருந்து விலகுவதால் வயிற்றைப் பிசைகிறது, கழிப்பறைக்கு ஓட வேண்டும் போலிருக்கிறது. உடம்பைக் குளிர்விக்க வியர்க்கிறது. மூச்சு வேகமாகிறது.

இந்த வேக மூச்சில்தான் நிறைய சிக்கல். ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல் மரத்துப்போகும், தலை லேசாகும், கண் முன்னால் எல்லாம் கனவில் பார்ப்பது போலத் தெரியும். ஆக்ஸிஜன் போதுமான அளவு இருந்தும் மூச்சு போதவில்லை என்று தோன்றும். தோன்றுவதால் இன்னும் வேகமாக இழுப்பீர்கள். மரத்துப்போவது இன்னும் கூடும்.

மயங்கி விழுந்துவிடுவேன் என்பது மிகப் பொதுவான பயம். மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வருவது. பேனிக் அட்டாக்கில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதனால் தலை சுற்றினாலும் விழுவது அபூர்வம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, படி 4இல் வருகிறது.

ஒரு படபடப்பு எப்படி நோயாக மாறுகிறது என்பதை ஆங்கிலேய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் தெளிவாக விளக்கினார். உடம்பில் சாதாரணமாக ஏதோ ஒன்று தோன்றுகிறது. மாடிப்படி ஏறியதாலோ, இரண்டு டம்ளர் காபியாலோ, தூக்கமின்மையாலோ இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அதை "மாரடைப்பு வருகிறது" என்று மனம் தவறாகப் படிக்கிறது. அந்தப் பயத்தால் அட்ரீனலின் கூடுகிறது. இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. "பார், நினைத்தது சரிதான்" என்று பயம் உறுதியாகிறது. இந்தச் சுழல் சில நொடிகளில் முழு அட்டாக்காக மாறிவிடும். பிறகு அந்த நபர் தன் நாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தொடங்குகிறார். கவனித்துப் பார்க்கும் எந்த உடம்பிலும் ஏதாவது ஒன்று தட்டுப்படத்தான் செய்யும்.

அடுத்து நடப்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே, நெரிசலில், சிக்னலுக்காக வண்டி நின்றிருந்தபோது முதல் அட்டாக் வருகிறது. பல்லாவரத்தில் இறங்கிவிடுகிறார், படபடப்பு அடங்குகிறது. மறுநாளிலிருந்து கதவோரமாக நின்றே போகிறார். அடுத்த வாரம் நெரிசல் இல்லாத வண்டிக்காக ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார். பிறகு ரயிலை விட்டுவிட்டு பஸ். பஸ்ஸும் நெரிசலில் நிற்கிறதே என்று கணவர் பைக்கில் கொண்டுவிடுகிறார். கைப்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், ஒரு தூக்க மாத்திரைப் பட்டை, ஆம்புலன்ஸ் வரக்கூடிய மருத்துவமனைகளின் பட்டியல். ஆறு மாதத்தில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிடுகிறார்.

இதில் ஒவ்வொரு முடிவும் அந்த நேரத்தில் நியாயமானதாகத்தான் தெரிந்திருக்கும். ஒவ்வொன்றும் உடனடி நிம்மதி கொடுத்தது. அதுதான் பிரச்சினையும். வாசலில் கட்டியிருக்கும் நாய் தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது, அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார், தான் குரைத்ததால்தான் போனார் என்று நாய் நம்பிக்கொள்கிறது. நாளைக்கு இன்னும் பலமாகக் குரைக்கும். "இறங்கியதால்தான் பிழைத்தேன்" என்று நம்பும் மூளையும் அப்படித்தான். இறங்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்போம் என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை.

படி 3: உடல் காரணங்களை ஒருமுறை, ஒரே ஒரு முறை, விலக்குங்கள்

பதற்றத்தைப் போலவே தோற்றம் தரும் உடல் கோளாறுகள் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, சர்க்கரை திடீரென்று தாழ்வது, சில வகை இதயத் துடிப்புக் கோளாறுகள், ஆஸ்துமா. ஒரு பொது மருத்துவரிடம் போய் இ.சி.ஜி., ரத்த அணுக்கள், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அவர் தேவை என்று நினைத்தால் மேற்கொண்டு சோதனை சொல்வார்.

சாப்பிடும் மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால், சில சளி மாத்திரைகள், ஸ்டீராய்டு, அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை எல்லாம் படபடப்பைத் தரும். ஒரு நாளைக்கு எத்தனை காபி, டீ, எனர்ஜி டிரிங்க் என்பதையும் மறைக்காதீர்கள். மது குடிப்பவராக இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ராத்திரி குடித்துப் பயத்தை அடக்குபவருக்கு மறுநாள் காலையில் வரும் நடுக்கமும் படபடப்பும் பெரும்பாலும் அந்தக் குடியின் விளைவுதான். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், அதனால் நிறுத்துவதையும் மருத்துவர் துணையோடு செய்யுங்கள்.

முடிவுகள் இயல்பாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதற்றம் உள்ளவருக்கு ஒவ்வொரு நல்ல ரிப்போர்ட்டும் சில நாள் நிம்மதி தரும். பிறகு "அந்த லேபில் சரியாகப் பார்த்திருப்பார்களா?" என்ற சந்தேகம் முளைக்கும். புதிய அறிகுறி எதுவும் இல்லாதபோது சோதனையைத் திரும்பச் செய்வதும் விட்டுக்கொடுப்பதுதான். இதய மருத்துவர்கள் பலர் நோயாளி கேட்டார் என்பதற்காகவே மறுபடி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். "உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது, அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியவர் இவர்" என்று ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதுதான் அந்த நோயாளிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

படி 4: எந்த வகை என்று அடையாளம் காணுங்கள்

1980 வரை இவற்றில் பலவற்றை ஒரே மூட்டையாகப் பதற்ற நரம்புக்கோளாறு என்று அழைத்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு அதைத் தனித்தனியாகப் பிரித்தது. சிகிச்சை வகைக்கு வகை மாறுவதால் இந்தப் பிரிவினை முக்கியம். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம்.

எதிர்பாராத பேனிக் அட்டாக்குகள் திரும்பத் திரும்ப வந்து, "அடுத்தது எப்போது?" என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது பேனிக் நோய். அட்டாக் வந்தால் தப்பிக்க முடியாது என்று பஸ், ரயில், கூட்டம், தனியாக வெளியே போவது ஆகியவற்றை விட்டுவிடுவது அதோடு சேரும் இன்னொரு நோய். மேலே சொன்ன பெண்ணுக்கு இரண்டும் இருக்கின்றன.

அட்டாக் என்று எதுவும் இல்லாமல் நாள் முழுக்கக் கவலையாகவே ஓடுவது பொதுப் பதற்ற நோய். பிள்ளை பள்ளியிலிருந்து வர அஞ்சு நிமிடம் தாமதமானால் விபத்து, மேலாளர் கூப்பிட்டால் வேலை போய்விட்டது, தலை வலித்தால் கட்டி. இப்படி ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், கழுத்துப் பிடிப்பு, தூக்கமின்மை, எரிச்சல், அசதியோடு நீடிக்கும். "அவங்க சுபாவமே அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவதால் பத்து இருபது வருடம் சிகிச்சை இல்லாமல் கழித்தவர்கள் உண்டு. மற்றவர்கள் நம்மை எடைபோடுவார்கள் என்ற பயத்தில் பேச, சாப்பிட, கையெழுத்துப் போடக்கூடக் கூசுவது சமூகப் பதற்ற நோய். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். "ரொம்ப அடக்கமான பொண்ணு" என்ற பாராட்டுக்குப் பின்னால் இது ஒளிந்திருக்கலாம். உயரம், பல்லி, நாய், லிஃப்ட் என்று ஒரே பொருள் மீதான பயம் தனி வகை.

படி 2இல் சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. ரத்தம், ஊசி, காயத்தைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கும். அவர்களில் பலர் உண்மையிலேயே மயங்கி விழுவார்கள். சுவீடன் உளவியலாளர் லார்ஸ் ஓஸ்ட் 1980களில் அவர்களுக்காக ஒரு முறையைக் கொடுத்தார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10-15 நொடி இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்குவது. அழுத்தம் இறங்காமல் இருக்க இது உதவும். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

பதற்றத்தின் நெருங்கிய உறவினர்கள் இருவர், வேண்டாத எண்ணமும் அதை அடக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலுமாக ஆட்டிவைக்கும் ஓ.சி.டி.யும் மனவடு நோயும். மேலே சொன்ன கையேட்டின் 2013 பதிப்பு இவற்றைத் தனி அத்தியாயங்களுக்கு மாற்றிவிட்டது. ஓ.சி.டி. என்றால் கை கழுவிக்கொண்டே இருப்பது, கதவைப் பூட்டினோமா என்று பத்து தடவை பார்ப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெளியே தெரியாத வடிவம் இன்னும் கொடுமையானது. பக்தியுள்ள ஒருவருக்குச் சாமி கும்பிடும்போது ஆபாசமான எண்ணம் வந்து குத்தும். பச்சைக் குழந்தைக்காரத் தாய்க்கு "கத்தியை எடுத்துக் குழந்தையைக் குத்திவிடுவேனோ" என்று மின்னல் போல ஓர் எண்ணம் வரும். கத்திகளையெல்லாம் ஒளித்துவைப்பார், குழந்தையைக் குளிப்பாட்டத் தனியாக விடாதீர்கள் என்று கெஞ்சுவார், காரணத்தை மட்டும் சொல்லமாட்டார். இதைப் படிப்பவர்களில் அப்படி ஒருவர் இருந்தால் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தான் வெறுக்கும் எண்ணம் வந்து, அது வந்ததற்காக அருவருத்துத் துடிப்பது ஓ.சி.டி.யின் அடையாளம். அந்த எண்ணத்தால் நீங்கள் கொலைகாரி ஆகிவிடவில்லை. மனநல மருத்துவர்கள் இதை நிறைய கேட்டிருக்கிறார்கள், அதிர்ச்சி அடையமாட்டார்கள். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு, குழந்தையைக் கொல்லச் சொல்லிக் குரல் கேட்டாலோ, குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் வந்தாலோ, தூக்கமே இல்லாமல் தாறுமாறாகப் பேசினாலோ அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனவடு நோயைப் பற்றி ஈழத்தமிழர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போர், 2004 சுனாமி, விபத்து, பாலியல் வன்முறை போன்றவற்றில் சிக்கிய சிலருக்கு அந்த நிகழ்வு நினைவாக இல்லாமல் இப்போது நடப்பது போலவே திரும்பத் திரும்ப வரும். கொடுங்கனவு, பட்டாசு சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, அந்த இடத்துப் பக்கமே போகாதது, யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் சிகிச்சை தேவை.

வீட்டிலேயே ஓர் அளவு பார்க்க, 2006இல் வெளிவந்த ஜி.ஏ.டி-7 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். நோய் இருக்கிறது என்று அது மட்டும் உறுதி செய்யாது.

படி 5: யாரிடம் போவது, போய் என்ன சொல்வது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. வாரக்கடைசிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு "லைஃப் கோச்" என்று பலகை மாட்டியிருப்பவரிடம் இந்த நோய்க்காகப் போக வேண்டாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல ஓ.பி. உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்ட, தாலுகா அளவிலும் வருகிறார்கள், எந்தக் கிழமை என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் தெரியும். சென்னையில் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அதற்கும் வெளிநோயாளியாகப் போய்வரலாம், உள்ளே சேர்க்க வேண்டியதில்லை. போக முடியாத நிலையில் இருந்தால் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416ஐக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

அரசு ஓ.பி.யில் உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதனால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் தடவை எப்போது, எங்கே வந்தது. இப்போது வாரத்துக்கு எத்தனை. உச்சத்தில் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், "செத்துவிடுவேன்", "பைத்தியம் பிடித்துவிடும்", "எல்லார் முன்னாலும் அசிங்கப்படுவேன்" என்று எதுவானாலும். சிகிச்சையின் திசையையே இது தீர்மானிக்கும். பிறகு, இந்த நோயால் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்ற பட்டியல். தூக்கம், பசி, குடி, மருந்துகள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பலருக்குப் பதற்றத்தோடு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கிறது.

வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் சிகிச்சை விவரங்களுக்கு ரகசியக் காப்பை உரிமையாகவே தருகிறது. உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

படி 6: விட்டதைத் திரும்ப எடுப்பது

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சி.பி.டி., பதற்ற நோய்களுக்கு மிக வலுவான ஆதாரம் உள்ள பேச்சுவழிச் சிகிச்சை. பெரும்பாலும் வாரம் ஒரு முறையாக 10 முதல் 15 அமர்வுகள். அதில் பேசுவதைவிடச் செய்வது அதிகம்.

முதலில் ஓர் ஏணி போட வேண்டும். பயப்படும் சூழ்நிலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 100க்கு எவ்வளவு பயம் என்று மதிப்பெண் போடுவது. நம் கூடுவாஞ்சேரிப் பெண்ணின் ஏணி இப்படி இருக்கலாம். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது 25. ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையோடு ஊரப்பாக்கம் வரை போவது 35. அதையே தனியாக, 45. தனியாகத் தாம்பரம் வரை 60. பல்லாவரத்தைத் தாண்டிக் கிண்டி வரை 75. காலை எட்டரை மணி நெரிசலில், கதவோரம் நிற்காமல் நடுவில் நின்று, எழும்பூர் வரை 95.

கீழிருந்து தொடங்குங்கள். கிளம்பும் முன் நோட்டில் எழுதுங்கள்: "பிளாட்பாரத்தில் உட்கார்ந்தால் மயங்கி விழுவேன், 80 சதவீதம் நிச்சயம்." திரும்பி வந்ததும் எழுதுங்கள்: "படபடப்பு வந்தது. கை நடுங்கியது. விழவில்லை." இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைத்தான் மூளை கற்றுக்கொள்கிறது. பயம் வராமல் திரும்பினால் வெற்றி என்று நினைக்காதீர்கள். பயம் வந்தும் அங்கேயே இருந்ததுதான் வெற்றி. ஒரே படியை வாரத்தில் நாலைந்து தடவையாவது செய்ய வேண்டும். மாதம் ஒரு தடவை செய்தால் ஒவ்வொன்றும் முதல் தடவை போலவே இருக்கும்.

ஏணியில் ஏற ஏற, கைத்தடிகளை விடுங்கள். தண்ணீர் பாட்டில், மாத்திரைப் பட்டை, போனில் யாரோடாவது பேசிக்கொண்டே போவது, காதில் பாட்டு, நாடி பிடித்துப் பார்ப்பது. இவை இருக்கும்வரை "பாட்டில் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனம் கணக்குப் போடும். படி 1இல் சொன்ன மூச்சுப் பயிற்சிகூட ஒரு கட்டத்தில் கைத்தடியாகிவிடலாம், அதையும் விட்டுப் பார்க்க வேண்டிய நாள் வரும்.

பேனிக் நோய்க்கு இன்னொரு பயிற்சி உண்டு. பயப்படும் உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்பது. ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடுவது, மாடிப்படி ஏறி இறங்குவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. ஸ்ட்ரா வழியாக முப்பது நொடி மூச்சு விட்டதும் நெஞ்சு இறுகும். அதே இறுக்கம்தான் ரயிலில் வந்தது. இங்கே அது நீங்கள் வரவழைத்தது, கொஞ்ச நேரத்தில் போயும் விடுகிறது. நாலைந்து தடவைக்குப் பிறகு அந்த உணர்வு சலித்துப்போகும், சலிப்புதான் நமக்கு வேண்டியது. கர்ப்பிணிகள், இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

ஓ.சி.டி.க்கும் இதே வழிதான், இன்னும் கடுமையாக. பயப்படுவதைத் தொட வேண்டும், பிறகு கழுவக் கூடாது. மனவடு நோய்க்கு மட்டும் சொந்தமாக ஏணி போடாதீர்கள். பயிற்சி பெற்றவர் துணை இல்லாமல் பழைய நினைவுகளைக் கிளறுவது காயத்தை ஆழமாக்கலாம்.

படி 7: மாத்திரைகள்

எல்லோருக்கும் தேவைப்படாது. வீட்டை விட்டே வர முடியாத அளவுக்குப் போனவர்கள், மனச்சோர்வு சேர்ந்தவர்கள், பக்கத்தில் சி.பி.டி. தருபவர் இல்லாத ஊர்க்காரர்கள் ஆகியோருக்குப் பெரிய உதவி. முதலில் தருவது பெரும்பாலும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற, மனச்சோர்வுக்கும் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள். இவற்றுக்கு அடிமையாகும் குணம் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுவது எல்லாம் நடக்கும். இது யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பாலுறவில் நாட்டம் குறைவது போன்ற பக்கவிளைவைச் சொல்லக் கூசாதீர்கள், மருந்தை மாற்றலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். குணமான பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தொடர்ந்து, மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற, உடனே அமைதிப்படுத்தும் மாத்திரைகளின் கதை வேறு. அரை மணி நேரத்தில் நிம்மதி தரும், அதுதான் ஆபத்து. சில வாரம் தினமும் எடுத்தாலே உடம்பு பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பழைய பயம் இரண்டு மடங்காக வரும், வலிப்புகூட வரலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று விதி இருந்தும் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் நிறைய. நீங்கள் அப்படி ஒருவராக இருந்தால் இன்றே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி மெதுவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சுக்கு முன் படபடப்பைக் குறைக்கத் தரும் புரோப்ரனலால் மாத்திரையை ஆஸ்துமா உள்ளவர்கள் தொடக் கூடாது.

படி 8: வீட்டில் இருப்பவர்களுக்கு

"ஓவரா யோசிக்காத", "உனக்கென்ன குறைச்சல்?", "வேலை வெட்டி இல்லாம இருந்தா இப்படித்தான்" ஆகிய மூன்றையும் விட்டுவிடுங்கள். அவருக்கு வரும் படபடப்பு உண்மையான படபடப்பு.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அன்பினால் நடப்பது. "எனக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் "ஒன்னும் ஆகாதும்மா" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கேட்டவர் அம்பது தடவை கேட்பார். கொண்டுவிடுவது, அவருக்காகக் கடைக்குப் போவது, ஓ.சி.டி. உள்ளவருக்காக வீடே குளித்துவிட்டு உள்ளே வருவது எல்லாம் நோய்க்குச் சோறு போடுவதுதான். சட்டென்று நிறுத்தினால் சண்டை வரும். சிகிச்சை தருபவர் முன்னிலையில் இருவரும் பேசி, எதை எப்போது குறைப்பது என்று முடிவு செய்யுங்கள். அவர் கேட்கும்போது "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கதான் இருக்கேன். இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு நாம பேசிவெச்சிருக்கோம்ல?" என்று சொல்லலாம்.

மந்திரிப்பது, தாயத்து, தர்கா, ஜெபக்கூட்டம் என்று குடும்பம் போக விரும்பினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதனால் பலருக்குத் தெம்பு கிடைக்கிறது. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடமாகவும், கட்டிவைக்கும், அடிக்கும் இடமாகவும் இருந்தால் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல், பூச்சிமருந்து, மாத்திரைகளைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 அந்த நேரத்துக்கும் உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

படி 9: திரும்பி வந்தால்

வரலாம். தேர்வு, பிரசவம், வேலை மாற்றம், வீட்டில் ஒரு சாவு, நாலு நாள் தூக்கமில்லாத காய்ச்சல் போன்ற நேரங்களில் ஓர் அட்டாக் வருவதால் பட்டதெல்லாம் வீண் என்று ஆகிவிடாது. நன்றாக இருக்கும்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்: எனக்கு முதலில் தெரியும் அறிகுறி என்ன, நான் முதலில் விட்டுக்கொடுக்கத் தொடங்குவது எதை, எனக்குப் பலன் கொடுத்த பயிற்சி எது, எந்த மருந்து எந்த அளவில், யாரைக் கூப்பிடுவது. கூடுவாஞ்சேரிப் பெண்ணாக இருந்தால் முதல் அடையாளம் ரயிலில் மறுபடியும் கதவோரமாக நிற்கத் தொடங்குவதுதான். அது தெரிந்த அன்றைக்கே, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள், நடுவில் வந்து நின்றுவிட வேண்டும்.